சாய்ந்த தரையில் நின்ற நாற்பத்தொரு வண்டிகள்

"பாதசாரியின் கவனக்குறைவு" என்று எழுதி, அத்தான் இறந்துபோன கேஸைப் போலீஸார் மூடிவிட்டார்கள். எங்கள் அத்தானைத் தெரிந்த யாராவது அந்தக் காகிதத்தைப் படித்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு எழுதினவரைத் தேடிக்கொண்டு போவார்கள். ஐம்பத்து நான்கு வயதுவரை ஒரு கண்ணாடியைக்கூடக் கை நழுவ விடாத மனுஷன். இடுப்பு பெல்ட்டின் பக்கிள் காரின் பெயிண்டில் உரசிவிடும் என்று அதை இழுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுக்கொள்வார். மோதிரம் கிடையாது, கைக்கடிகாரம் கிடையாது. மணி என்ன என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னைத்தான் கேட்பார். இவருக்குக் கவனக்குறைவாம்! எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அவர் மனைவியின் தம்பி. அவர் வேலை பார்த்த ஷெட்டிலேயே பன்னிரண்டு வருஷமாக வேலைச் சீட்டு எழுதுகிறவன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

கார்களுக்கு முன் கண்ணாடி மாற்றுவதுதான் எங்கள் ஷெட்டின் தொழில். கல் பட்டு விரிசல் விட்ட கண்ணாடியை அத்தான் கம்பி விட்டு அறுத்து எடுப்பார். பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையை ஒரே இழுப்பில் சுற்றிலும் விட்டு, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடிகளால் புதுக் கண்ணாடியைத் தூக்கி உட்காரவைப்பார். பசை காய்ந்ததும் அவருடைய பரீட்சை தொடங்கும். நான் வெளியே நின்று ஹோஸ் பைப்பால் கண்ணாடிமேல் தண்ணீர் அடிக்க வேண்டும். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே வருவார். பத்து நிமிஷம். விரல் நுனி ஈரமானால் மறுபடி அறுப்பார், மறுபடி ஒட்டுவார். "எங்க தொழில்ல பொய் சொல்ல முடியாது மாப்ள. தப்பு பண்ணினா தண்ணி காட்டிக்கொடுத்துரும்," என்பார்.

பிறகு கேமரா வந்தது. இப்போதைய கார்களில் கண்ணாடியின் உள்பக்கம், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு மறைவில், கட்டைவிரல் அளவில் ஒரு கேமரா இருக்கிறது. ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை இழுத்துச் சரி செய்வது, முன்னால் ஆள் வந்தால் தானே பிரேக் போடுவது எல்லாம் அதன் வேலை. கண்ணாடியை மாற்றினால், எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்கு மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். காரைக் குறித்த இடத்தில் நிறுத்தி, எதிரே அளந்த தூரத்தில், அளந்த உயரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு பலகையை ஸ்டாண்டில் நிறுத்துவோம். ஸ்கேனரை மாட்டினால் கேமரா பலகையைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். அவ்வளவுதான்.

அத்தானுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "கண்ணாடி மாத்தினா போதாதுன்னு கண் ஆபரேஷன் வேற பண்ணணுமா?" என்று முணுமுணுத்தார். அந்தப் பேச்சிலிருந்துதான் ஷெட்டில் எல்லாரும் அவரைக் கண் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மனம் மாறியது ஒரு ரொட்டி வேன் டிரைவரால். கண்ணாடி மாற்றிக்கொண்டு போன நான்காம் நாள் அந்த ஆள் வேனை ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு அழுதுகொண்டே வந்தான். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடியிருக்கிறது. அவன் கால் பிரேக்குக்குப் போகும் முன்னால் வேன் தானாக நின்றுவிட்டது. "உங்க கையைக் குடுங்க," என்று அத்தானின் பசை அப்பிய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்றிலிருந்து அத்தான் பலகையை அளக்கும்போது யாரையும் பேச விடமாட்டார். தும்மினால்கூட முறைப்பார்.

ஆனால் ஒன்று. கண்ணாடி வேலையில் தப்பைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். கேமரா வேலையில் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. பலகை இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நாம் சொன்னால் அது அப்படியே நம்பும். நாம் சொன்னதே தப்பு என்றாலும் பச்சை டிக் வரும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

மழைக்காலம் முடிந்ததும் ஷெட் தரை பெயர்ந்து குண்டும் குழியுமாகிவிட்டது. முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டார். தண்ணீர்ப் பரீட்சை நடக்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கி, அத்தானின் கால் விரலிடுக்கெல்லாம் புண். அதனால் அவரே கொத்தனாரிடம் போய், "கார் நிக்கிற இடம் சமமா இருக்கட்டும். அதுக்கு முன்னாடி நல்லா வாட்டம் குடுத்துருங்க, தண்ணி சுவர்ப் பக்கம் ஓடிரணும்," என்று சொன்னார். கொத்தனார் நல்ல வேலைக்காரர், சொன்னபடியே செய்தார். முதல் நாள் தண்ணீர் அடித்தபோது அது சரசரவென்று காரின் மூக்குக்கு முன்னால் ஓடிச் சுவரோரக் கால்வாயில் இறங்கியது. அத்தான் குழந்தை மாதிரி சிரித்தார். சுவரோரம்தான் பலகையின் ஸ்டாண்டும் நிற்கும். அது அவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பது வாரம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார்.

"அண்ணா, கண்ணாடி மாத்தினதுலேர்ந்து வண்டி சரியில்ல. முன்னெல்லாம் தூரத்துலயே கத்தும். இப்ப மூஞ்சிக்கிட்ட வந்தப்புறம்தான் கத்துது. நேத்து ஒரு லாரி பின்னாடி போய் நின்னேன் பாருங்க, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

அத்தான் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பச்சை டிக். "வண்டி நல்லா இருக்கு. நீங்கதான் வேகத்தக் குறைக்கணும்," என்றார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே போனதும் என் பக்கம் திரும்பி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று கண்ணடித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை வழக்கம்போல நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் காருக்குள் உட்கார்ந்து ஓரங்களைத் தடவிக்கொண்டிருந்தவர், தடவுவதை நிறுத்திவிட்டு முன்னால் பார்த்தார். தண்ணீர் ஓடிப்போய் ஸ்டாண்டின் கால்களைச் சுற்றிக்கொண்டு கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் இறங்கினார். "பைப்ப நிறுத்து," என்றார். ரசமட்டத்தையும் ஒரு நீளக் கட்டையையும் எடுத்துவந்து, முழங்கால் நனைய மண்டியிட்டு அளந்தார். மூன்று தடவை அளந்தார்.

"ரெண்டரை சென்டிமீட்டர்," என்றார். "கூடம் கோணல்தான் மாப்ள."

பலகை இருக்க வேண்டியதைவிட இரண்டரை சென்டிமீட்டர் தாழ நின்றிருக்கிறது. கேமரா அதைச் சரியான உயரம் என்று நம்பி, தன் பார்வைதான் மேலே தூக்கியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டது. விளைவு, ரோட்டில் முன்னால் நிற்பதெல்லாம் அதற்குத் தள்ளி நிற்பதாகத் தெரியும். அத்தான் வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். முப்பது மீட்டரில் நிற்கும் ஆளை அது முப்பத்தைந்து மீட்டரில் நிற்பதாக நினைக்கும். பெரிய கார்களுக்கு மூக்கில் ராடார் இருக்கிறது, அது திருத்திவிடும். கேமராவை மட்டும் நம்பிய சின்ன கார்கள் அந்தத் தரையிலிருந்து எத்தனை போயிருக்கின்றன என்று சீட்டுகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "தரையைச் சரி பண்ணிரலாம். இனிமே வர்றது சரியா போகும். போனதைப் பத்தி யாரும் கேக்கல, நாமளா சொல்லணுமா? ஷெட் பேரு என்ன ஆகும்?"

நானும் அவர் பக்கம்தான் பேசினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க அத்தான்," என்றேன்.

அத்தான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் பொறுப்புன்னு சொல்லித்தான் சாவியக் குடுத்தேன்," என்றார். பிறகு என் மேஜையில் உட்கார்ந்து வேலைச் சீட்டுகளை எடுத்து ஃபோன் போட ஆரம்பித்தார்.

முதல் ஆளுக்குத் தன் காரில் கேமரா இருப்பதே தெரியவில்லை. இன்னொருவர், "அதுவா? கத்துதுன்னு வாங்கின அன்னைக்கே ஆஃப் பண்ணிட்டேன்," என்றார். அத்தான் ஃபோனை வைத்துவிட்டு, "இவரு ஒருத்தரு பத்திரமா இருக்காரு," என்றார். அந்த வாரத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். ஒரு அம்மா அரை மணி நேரம் திட்டினார். அத்தான் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று கேட்டுக்கொண்டார். ஒரு விற்பனைப் பிரதிநிதி, "நெடுஞ்சாலைல வண்டிய அதுகிட்ட விட்டுட்டு ரெண்டு கையாலயும் சாப்பிடுவேன் சார், ஒண்ணும் ஆகலையே?" என்றான். அத்தான் அந்த நிமிஷமே பஸ் பிடித்துப் போய் அவனையும் காரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். டாக்ஸி டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்டாண்டுக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டம் பிடித்து, வந்த கார் ஒவ்வொன்றையும் திருத்தினார். பன்னிரண்டே நாளில் நாற்பது கார்கள் திரும்பி வந்தன.

நாற்பத்தோராவது வரவில்லை. சீட்டில் இருந்த நம்பருக்குப் போட்டால் யாரோ ஒரு பெரியவர் எடுத்து ராங் நம்பர் என்றார். சீட்டு என் கையெழுத்து. அந்தக் காரைக் கொண்டுவந்த பெண் சாயங்கால அவசரத்தில் வந்து நம்பரைச் சொன்னபோது நான் தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டே எழுதியது நினைவுக்கு வந்தது.

"திருப்பிப் படிச்சுக் காட்டினியா?" என்று கேட்டார் அத்தான்.

"இல்ல அத்தான்."

தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வண்டி எண்ணை வைத்து விசாரித்தோம். முதல் சொந்தக்காரர் எப்போதோ புரோக்கரிடம் விற்றுவிட்டார். புரோக்கர் யாரிடம் விற்றார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பதிவில் பேர் மாற்றவே இல்லை. காவல் நிலையத்தில், "தப்பு பண்ணினது நீங்க, தேடுறது நாங்களா?" என்றார்கள். கேள்வி நியாயம்தான்.

அத்தானுக்குக் கார் மட்டும் அச்சாக நினைவிருந்தது. நீல நிறம். பின் சீட்டில் குழந்தையைக் கட்டி உட்காரவைக்கும் நாற்காலி. அதன் மடிப்புகளில் பிஸ்கட் தூள். அந்த மாடலுக்குச் சாதாரணக் கண்ணாடி ஸ்டாக்கில் இல்லாததால், மேல் விளிம்பில் பச்சைப் பட்டை உள்ள கண்ணாடியைப் போட்டிருந்தார். அப்படி ஒன்று ஊரில் வேறு இருக்காது. சாவியை வாங்கும்போது அந்தப் பெண், "முன்ன மாதிரி அதுவா நிக்கும்ல அண்ணா? பின்னாடி குழந்தை அழுதா நான் திரும்பிருவேன், அதான் கேட்டேன்," என்றாளாம். இவர், "நிக்கும்மா. தைரியமா போங்க," என்றிருக்கிறார். இதை என்னிடம் ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த "தைரியமா"வில் அவர் குரல் உள்ளே போய்விடும்.

காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். எங்கிருந்து எங்கே போனாலும் பெரிய ரோட்டின் சந்திப்பைத் தாண்டாமல் போக முடியாது. எனவே தினமும் ஏழரையிலிருந்து பத்து மணிவரை அங்கே நின்றார். எனக்கு எதிர்ப்பக்க நடைபாதை. வருகிற கார் ஒவ்வொன்றின் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் அக்கா, "இந்த வயசுல எவளைத் தேடி ரோட்ல நிக்கிறாராம்?" என்று கேலி செய்தாள். மூன்றாம் நாள் அவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவர் சாப்பிடுவது குறைந்துவிட்டது. எங்கேயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அது போகும் திசையையே பார்ப்பார். பேப்பரில் விபத்துச் செய்தி வந்தால் காரின் நிறத்தைத் தேடுவார். வெள்ளை என்று போட்டிருந்தால் மூச்சு விடுவார். பிறகு அடிபட்டவரை நினைத்து, மூச்சு விட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வார்.

பதினேழு நாள் நின்றோம். சந்திப்புக்கு இந்தப் பக்கம் ஆட்கள் கடக்கும் வெள்ளைக்கோடு ஒன்று உண்டு, விளக்கு கிடையாது. கூட்டம் சேர்ந்ததும் கையைக் காட்டிக்கொண்டு இறங்குவார்கள், வண்டிகள் நிற்கும். பதினேழாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு அப்படி ஒரு கூட்டம் இறங்கியது. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அலுவலகம் போகிறவர்கள், இரண்டு கல்லூரிப் பெண்கள், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர். அத்தான் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வண்டிகள் வரும் பக்கமாக நின்றிருந்தார்.

பச்சைப் பட்டையை நான் முதலில் பார்த்தேன். "அத்தான்!" என்று கத்தினேன். அதற்குள் அவரும் பார்த்துவிட்டார். நீலக் கார் நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் எனக்கு முகம் தெரியவில்லை, முடிதான் தெரிந்தது. அந்தப் பெண் முழுசாகப் பின்னால் திரும்பி, கையை நீட்டி, பின் சீட்டுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் இரண்டு கையையும் ஆட்டினார், கத்தினார். கார் வேகம் குறையவில்லை. கோட்டில் பெரியவர் பாதி ரோட்டில் இருந்தார்.

அத்தான் நடைபாதையிலிருந்து இறங்கினார். காருக்கு நேர் எதிரே, ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டார். தடுமாறவில்லை, ஓடவில்லை. கண்ணாடியைத் தூக்கும்போது காலை அகட்டி நிற்பாரே, அப்படி நின்றார். பிரேக் சத்தம் கேட்டது. காரின் மூக்கு கீழே குனிந்தது. அவர் நகரவில்லை. கார் அவரை முட்டித் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் உருண்டு நின்றது. கைத்தடிப் பெரியவர் நிலை தடுமாறி அதன் பானட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். வேறு யார்மேலும் படவில்லை.

அந்தப் பெண் இறங்கி ஓடிவந்தாள். "நான் பாக்கவே இல்ல... அதுவா பிரேக் போட்டுச்சு... நல்லவேளை அதுவா போட்டுச்சு, இல்லன்னா..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே குழந்தை பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. நான் அத்தானின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

"மாப்ள, சாவிய வாங்கு," என்றார். "அவங்க திரும்ப ஓட்டக் கூடாது."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன்னால் பத்து நிமிஷம் அவர் பக்கத்தில் இருக்க விட்டார்கள். அக்கா வெளியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்தக் காரின் கண் எவ்வளவு பிசகு என்று உலகத்தில் தெரிந்தவர்கள் முதலாளியோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். அதில் ஒருவர் போய் அதன் முன்னாலேயே நிற்பதா?

"ஏன் அத்தான் இப்படிப் பண்ணினீங்க?"

"அது அஞ்சு மீட்டர் லேட்டாதான் பாக்கும். ஆளுங்க கோட்டுல இருந்தாங்க. அதான் அஞ்சு மீட்டர் முன்னாடி போய் நின்னேன்," என்றார். வேலைச் சீட்டில் எழுதச் சொல்கிற அதே குரல். "என்னைப் பாத்து பிரேக் போட்டா அவங்களுக்கு முன்னாடி நின்னுரும்."

"பிரேக் போட ஆரம்பிச்சதும் ஒதுங்கியிருக்கலாமே! நான் பாத்தேன், நேரம் இருந்துச்சே!"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஒதுங்கினா, ரோடு காலின்னு நினைச்சு பிரேக்க விட்டுரும் மாப்ள."

மணி என்ன என்று கேட்டார். பதினொன்று என்றேன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் காரின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.